பனிக்கட்டி வீட்டிலே பற்றிய தீ



சென்ற திங்கள் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே கூட்டம். விசைத்தறிகளின் ஓசை இரவிலும் ஓயாத ஊர். கூட்டம் முடிந்தது. கொடிகளைச் சுருட்டி வைத்துவிட்டுப் படிப்பகத்துத் திண்ணையிலே அமர்ந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தோம். தறித் தொழிலாளத் தோழர் ஒருவர், கூட்டம் முழுதும் கைகட்டி நின்று கேட்டவர், தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"ஒரு சங்கதி கேக்கணுங்க."

"கேளுங்கள் தோழரே!"

"எம்பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணியிருக்குதுங்க. நல்ல மார்க்குங்க. மில்லு ஏஜெண்டு வீட்டுக்கு வந்துட்டுப் போறாருங்க. மூணு வருசம் விடுதியிலேயே தங்கி வேலை செஞ்சாப் போதுமாம். முடிவிலே மொத்தமா ஒரு தொகை தருவாங்களாம். கல்யாணச் செலவுக்கு ஆகுமுங்க. நீங்க மேடையிலே பெண் கல்வின்னு ஒரு மணி நேரம் பேசுனீங்க. எனக்கு ஒரே ஒரு கணக்குச் சொல்லுங்க. பொண்ணப் படிக்க வெச்சா எனக்கு என்னங்க மிச்சம்?"

தோழர்களே, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் மேடையிலே அடுக்கிய மொழியெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னே கைகட்டி நின்றது. அவர் ஏளனம் செய்யவில்லை. எதிர்க்கட்சிக்காரர் அல்ல. நம் கொடியை ஏற்றியவர். நம் கூட்டத்துக்குப் பந்தல் போட்டவர். நாள் முழுதும் தறியடியிலே நின்று, பெற்ற கூலியிலே பெண்ணைப் பத்தாவது வரை படிக்க வைத்தவர். அவருக்கு விடை சொல்ல வேண்டாமா? அந்த விடையைத்தான் இன்று எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, அவரைப் போல் கேட்க நினைத்தும் கேளாமல் இருக்கும் ஆயிரமாயிரம் தோழர்களுக்கும்.

ஏஜெண்டு கொண்டுவந்த சரக்கின் பெயர் தெரியுமல்லவா? "சுமங்கலித் திட்டம்!" என்ன அழகான பெயர்! மேற்கு மாவட்டத்து நூற்பாலைகள் பல, 2000-ஆம் ஆண்டுகளிலே ஏழைச் சிற்றூர்களில் வலை வீசின. பருவப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் பிடித்து, விடுதியிலே அடைத்து, முடிவிலே 30,000, 50,000 என்று தொகை தருவதாகச் சொன்னார்கள். நாட்டிலே கண்டனம் எழுந்தது. வழக்கு மன்றம் வரை சென்றது. கண்டனம் எழுந்தால் பெயரை மாற்றிக்கொள்வது வணிகருக்குப் பழக்கம். பெயர் எதுவானாலும் பேரம் ஒன்றுதான்: உன் மகளின் பள்ளிக்கூடத்தை என்னிடம் விற்றுவிடு, அவள் கழுத்துத் தாலிக்கு நான் பணம் தருகிறேன்!

சுமங்கலி என்ற சொல்லைச் சொன்னதும், அந்தச் சொல் யாருக்கு மறுக்கப்பட்டதோ, அந்தப் பெண்களின் கதை என் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்னைக் கடற்கரைச் சாலையிலே, திருவல்லிக்கேணிப் பக்கம், வட்ட வடிவமாய் ஒரு மாளிகை நிற்கிறது. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். மக்கள் வாயிலே மட்டும் இன்றும் அந்த வட்டாரம் "ஐஸ் ஹவுஸ்"தான். ஏன் தெரியுமா? அது பனிக்கட்டி வைக்கக் கட்டிய வீடு! அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் 1842-ல் கட்டியது. குளிர்காலத்திலே அமெரிக்காவின் ஏரிகள் உறையும். அந்தப் பனியை வெட்டி, மரத்தூளிலே பொதிந்து, கப்பலேற்றி, மாதக் கணக்கிலே கடலில் கொண்டுவந்து இங்கே இறக்குவார்கள். எதற்கு? வெள்ளைத் துரைமார் குடிக்கும் பானம் குளிர! கடற்கரைக் குப்பத்திலே மீனவன் மகள் குடிநீருக்கு அலைந்த நாளிலே, கடல் கடந்து வந்தது துரையின் கோப்பைக்குப் பனிக்கட்டி! பின்னாளிலே பொறியிலேயே பனிக்கட்டி செய்யக் கற்றார்கள், வணிகம் ஓய்ந்தது, வீடு கைமாறியது.

அந்தப் பனிக்கட்டி வீட்டுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, வேறொரு சரக்கு வந்து சேர்ந்தது. உறைந்து போன வாழ்வுகள்! ஆம், பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் கணவனை இழந்த சிறுமிகள். கணவன் என்றால் என்னவென்று அறியுமுன்னே கைம்பெண் ஆக்கப்பட்டவர்கள். எதிரே வந்தால் சகுனம் கெட்டது என்பார்கள். திருமண வீட்டிலே தலைகாட்டக் கூடாது. வண்ணச் சேலை கூடாது, பூ கூடாது, பலருக்குத் தலைமுடியும் கூடாது! சமையற்கட்டின் மூலையிலே, பிறர் பிள்ளைகளை வளர்த்து, பிறர் எச்சில் பாத்திரம் துலக்கி, சாகும் நாளை எண்ணிக் கிடக்க வேண்டும். சாத்திரம் வகுத்த தண்டனை அது. குற்றம் என்ன? பெண்ணாய்ப் பிறந்தது!

அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவரும் ஒரு கைம்பெண்தான். 1886-ல் பிறந்த ஆர். எஸ். சுப்புலட்சுமி. பதினோரு வயதளவிலே மணம் முடித்தார்கள். சிறிது காலத்திலேயே கணவன் மறைந்தான். தந்தை சுப்பிரமணிய ஐயர் சாத்திரத்தைவிட மகளைப் பெரிதென்று எண்ணினார். மூலையிலே உட்கார வைக்காமல் நூலைக் கையிலே கொடுத்தார். 1911-ல் அந்தப் பெண் மாநிலக் கல்லூரியிலே பட்டம் பெற்றார். கைம்பெண் ஒருத்தி பட்டதாரி! மயிலாப்பூர் மாடவீதிகள் முணுமுணுத்தன. அவர் கேளாமல் நடந்தார். 1912-ல் நான்கு சிறுமிகளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு தொடங்கினார். தம்மைப் போலவே இளமையில் கணவனை இழந்த சித்தி வாலாம்பாள் துணை நின்றார். நான்கு பத்தாயிற்று, பத்து பலவாயிற்று, வீடு போதவில்லை. சில ஆண்டுகளிலே பனிக்கட்டி வீடு அவர்கள் இல்லமாயிற்று. ஊர் அவரை "சிஸ்டர் சுப்புலட்சுமி" என்றது.

வெள்ளை அரசாங்கம் ஏன் அதற்குத் துணை நின்றது? இரக்கமா? இரக்கம் மட்டுமல்ல தோழர்களே, கணக்கு! இங்கேதான் நம் தறித் தொழிலாளத் தோழரின் கேள்விக்கு முதல் விடை இருக்கிறது. கவனியுங்கள்.

1911-ல் மக்கள் கணக்கெடுத்தபோது இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர். பெண்களுக்குப் பள்ளி வைக்கலாம் என்றால், பூப்பெய்திய பெண்ணை ஆண் ஆசிரியர் முன்னே உட்கார வைக்க எந்த வீடும் இசையவில்லை. பெண் ஆசிரியை வேண்டும். பெண் ஆசிரியை வேண்டுமென்றால் முதலில் பெண் படிக்க வேண்டும். பெண் படிக்க வேண்டுமென்றால் பெண் ஆசிரியை வேண்டும்! கிணற்றுக்குள் கயிறு, கயிறெடுக்கக் கிணற்றிலே இறங்க வேண்டும், இறங்கக் கயிறு வேண்டும்! மணமான பெண்ணை வேலைக்கு விட வீடு மறுத்தது. மணமாகாத பெண்ணோ பருவம் வந்தபின் கிடையவே கிடையாது. அதற்குள் தாலி ஏறிவிடும். மிஞ்சியவர் யார்? கைம்பெண்கள்! யாருக்கும் வேண்டாதவர்கள் என்று மூலையிலே தள்ளப்பட்டவர்கள்தான் நாட்டுக்கே வேண்டியவர்களாக ஆனார்கள்.

அந்த வீட்டிலே தங்கிப் படித்தார்கள். பயிற்சி பெற்றார்கள். ஆசிரியைகளாக மாகாணத்தின் ஊர்களுக்குப் புறப்பட்டார்கள். 1914-ல் அதே கடற்கரைச் சாலையிலே பெண்களுக்கென்று எழுந்தது ராணி மேரிக் கல்லூரி. 1922-ல் ஆசிரியைகளை உருவாக்க எழுந்தது வெலிங்டன் சீமாட்டி பயிற்சிக் கல்லூரி; அதன் முதல்வர் சுப்புலட்சுமி அம்மையார். எண்ணிப் பாருங்கள்! எந்த முகத்தைக் காலையிலே கண்டால் ஆகாது என்றார்களோ, அந்த முகத்தைப் பார்த்துக் காலைதோறும் "வணக்கம் டீச்சர்" என்று எழுந்து நின்றன ஊர்ப் பிள்ளைகள்! பார்ப்பவருக்கே கேடு என்று சொல்லப்பட்ட கையிலிருந்து "அ" என்ற எழுத்தைப் பெற்றுக்கொண்டாள் நேற்றுப் பிறந்த சிறுமி! ஒரு பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்று கேட்கிறார்களே, இதைத்தான் செய்யும். பனிக்கட்டி வைத்த வீட்டிலே தீப் பற்றியது, அறிவுத் தீ!

இந்த இடத்திலே ஒரு தோழர் குறுக்கிடுவார். "என்ன இது? நம் ஏட்டிலே அக்கிரகாரத்துக் கதையா?" என்பார். நியாயமான கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன். அந்த இல்லத்தின் கதவு திறந்தது பார்ப்பனக் கைம்பெண்களுக்கு மட்டுந்தான். ஆசாரம் கெடக்கூடாது என்று அனுப்பிய வீடுகள் கேட்டன. இல்லம் அதற்கு இணங்கி நடந்தது. மறுமணத்தை இல்லம் தன் திட்டமாகக் கொள்ளவில்லை. படிக்கலாம், பிழைக்கலாம், பூச்சூடி வாழ்வது பற்றிப் பேச்சில்லை! அம்மையார் அருகிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார். அது அவர் பெருமை. ஆயினும், இல்லத்தின் வாசலிலே சாதி காவல் நின்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? கல்வி கைக்கு வந்ததும், சாத்திரத்தால் மிக அதிகமாக மிதிக்கப்பட்ட பெண்ணே நிமிர்ந்து நின்றாள் என்றால், அந்தக் கல்வியைச் சாதி பாராமல், காசு பாராமல், கடைக்கோடி வீட்டு மகளுக்கும் கொடுத்தால் நாடு என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு விடையாக எழுந்ததுதான் நம் இயக்கம்!

அதே 1886-ல் புதுக்கோட்டையிலே இன்னொரு பெண் பிறந்தாள். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்திலே சிக்கிய குலத்தவர். ஊர் அந்தப் பிறப்புக்கு வைத்திருந்த பெயர் உங்களுக்குத் தெரியும். அந்த மகள் படிக்கக் கேட்டாள். பெண்களுக்குக் கல்லூரியா இருந்தது அங்கே? மன்னர் கல்லூரி ஆண்களுக்கானது. எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு தர, 1907-ல் ஆண்கள் நடுவே ஒரே பெண்ணாய் உள்ளே நுழைந்தாள். 1912-ல், சுப்புலட்சுமி அம்மையார் நான்கு சிறுமிகளோடு தொடங்கிய அதே ஆண்டிலே, சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராய் வெளியே வந்தாள். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி.

படித்தவர் படித்ததைப் பூட்டி வைத்தாரா? சட்டமன்றத்திலே அமர்ந்த முதல் பெண்ணாகி, மன்றத்தின் துணைத் தலைவராகவும் ஆகி, பொட்டுக்கட்டும் கொடுமைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். அந்தக் கொடுமையிலிருந்து தப்பி வந்த பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. "நீங்கள் சேர்க்காவிட்டால் நான் கட்டுகிறேன்" என்பது போல அவ்வை இல்லத்தை எழுப்பினார். ஒரு கதவு அடைபட்டபோது படித்த பெண் இன்னொரு கதவையே செய்தாள்! 1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. 1954-ல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அதற்கும் அவரே அடித்தளம். இன்று உங்கள் வீட்டு மருமகள் கருவுற்றால் பெறும் அரசு உதவித் திட்டம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஒரு பெண் படித்தாள். எத்தனை பெண்கள் பிழைத்தார்கள், எண்ண முடியுமா?

1929-ல் செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை, கைம்பெண்ணுக்கு மறுமண உரிமை, பிடிக்காத மணத்திலிருந்து விலகும் உரிமை என்று தீர்மானம் போட்டது. தொடக்கப் பள்ளிகளுக்குப் பெண்களையே ஆசிரியைகளாக அமர்த்துக என்றும் கேட்டது. நகைத்தார்கள் அன்று. அறுபது ஆண்டு கழித்து, 1989-ல், சொத்துரிமை சட்டமாயிற்று. அதே ஆண்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமண உதவித் திட்டம் வந்தது. அதன் சூட்சுமத்தைப் பாருங்கள்: பெண் எட்டாவது வரை படித்திருந்தால்தான் 5,000 ரூபாய்! "கலியாணத்துக்குப் பணமில்லை, படிப்பை நிறுத்து" என்ற ஏழைத் தகப்பனின் கணக்கை, "கலியாணத்துக்குப் பணம் வேண்டுமா? படிக்க வை" என்று திருப்பிப் போட்டது அது. நூற்பாலை ஏஜெண்டின் கணக்குக்கு நேர் எதிர்க் கணக்கு! 2022-ல் அந்தத் திட்டமே "புதுமைப் பெண்" திட்டமாக உருமாறியது: அரசுப் பள்ளியிலே ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண் மேற்படிப்புக்குச் சென்றால் திங்கள்தோறும் 1,000 ரூபாய்.

சரி, தறித் தோழரே, இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். பேரேட்டை விரியுங்கள்.

ஏஜெண்டு சொல்வது மூன்றாண்டு. முடிவிலே ஒரு தொகை. நடுவிலே பெண் நோயுற்றுத் திரும்பினால்? "ஒப்பந்தம் முடியவில்லை" என்று கையை விரிப்பான். அப்படி விரித்ததாகத்தானே ஊருக்கு ஊர் குற்றச்சாட்டு எழுந்தது! முழுத் தொகையே வந்தாலும் என்ன ஆகும்? பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் போய்விடும். மூன்றாம் நாள் கை வெறுங்கை. பெண் மாமியார் வீட்டிலே. அவள் கையிலே மிஞ்சியது பஞ்சுத் தூசு படிந்த நுரையீரல்.

பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்து, மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குச் சென்றால், மாதம் 1,000 வீதம் 36,000 ரூபாய். தொகையிலே ஏஜெண்டு சொன்னதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் அது பந்தலோடு போகாது. பட்டம் அவளிடமே இருக்கும். கணவன் குடித்தாலும் இருக்கும். கணவன் இறந்தாலும் இருக்கும். பனிக்கட்டி வீட்டுச் சிறுமிகளுக்குத் தெரியும், கணவன் என்ற ஒரே தூணிலே கட்டிய வாழ்வு எப்படிச் சரியும் என்று!

ஆலை வேலை இழிவென்று நான் சொல்லவில்லை. தொழிலாளிகளின் ஏட்டிலே அப்படி எழுதுவேனா? 2019-20 ஆண்டுக் கணக்குப்படி, இந்தியத் தொழிற்சாலைகளிலே வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர் தமிழ்நாட்டிலேதான். அது நமக்குப் பெருமை. ஆனால் எந்த வயதிலே, எந்தப் படிப்போடு, எந்த நிபந்தனையிலே செல்கிறாள் என்பதுதான் கேள்வி. படித்த பெண் சம்பளச் சீட்டைப் படிப்பாள். சேமநிதி எண் கேட்பாள். மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி எங்கே என்பாள். சங்கத்திலே சேருவாள். பதினைந்து வயதுச் சிறுமியை அவர்கள் தேடி வருவது அவள் விரல் மெலிந்தது என்பதற்காக மட்டுமல்ல. அவள் வாய் திறவாள் என்பதற்காகவும்!

பேரேட்டிலே இன்னொரு பக்கமும் இருக்கிறது. படித்த தாய் காய்ச்சலுக்கு மந்திரிக்கத் தேடாமல் மருந்து தேடுவாள். தடுப்பூசி நாளை மறவாள். மகனோடு மகளையும் பள்ளிக்கு அனுப்புவாள். 2011-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு எழுபத்து மூவர் எழுத்தறிந்தவர். ஒரு தாய்க்குச் சராசரி இரண்டு பிள்ளைக்கும் குறைவு, 1.8 என்றது 2019-21 குடும்பநலக் கணக்கு. யார் கட்டாயப்படுத்தினார்கள்? போலீசா? பள்ளிக்கூடம்! பெண் படித்தாள், மணம் தள்ளிப்போயிற்று, எத்தனை பிள்ளை என்பதை அவளும் சேர்ந்து முடிவு செய்தாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன்.

திண்ணையிலே அந்தத் தோழர் கேட்டபோது உடனே விடை சொல்ல என் நா எழவில்லை என்றேனே, ஏன் தெரியுமா? என் வீட்டிலும் அந்தக் கணக்கு நடந்தது. எனக்கு இரண்டு வயது இளையவள் தங்கை. நான் பத்தாவது, அவள் எட்டாவது. அம்மா நோயிலே விழுந்தார்கள். சோறாக்க ஆள் வேண்டும். ஒருவர் பள்ளியை நிறுத்த வேண்டும். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை என்பது போல அவள் புத்தகப் பை பரணுக்கு ஏறியது. அவள் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். நான் வாய் திறக்கவில்லை. அவள் ஆக்கிய சோற்றைத் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போனேன், பேசக் கற்றேன், மேடை ஏறினேன்.

பல ஆண்டு கழித்து அவள் ஊரிலே ஒரு கூட்டம். பெண்ணுரிமை பற்றித்தான் பேச்சு. நல்ல கைதட்டல். இரவு அவள் வீட்டிலே சாப்பாடு. இலை போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அண்ணே, நல்லாப் பேசுனே. அன்னைக்கு வீட்டிலே ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே."

கோபமில்லை அவள் குரலிலே. சாம்பாரை ஊற்றினாள். நான் தலை நிமிரவில்லை.

இன்று அவள் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அந்தப் பெண்ணைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோய் விடுவது என் கடமை. கடன் தீராது, வட்டியாவது கட்டலாம்.

ஆகவே தோழர்களே, மேடையிலே பெண்ணுரிமைக்குக் கைதட்டும் நாம் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்ப் பரணைப் பார்ப்போம். அங்கே யாருடைய புத்தகப் பை கிடக்கிறது? கிளைக் கழகத் தோழர்களே, தேர்வு முடிவு வந்த வாரத்திலே உங்கள் தெருவிலே பத்தாவது தேறிய பெண்களின் பெயரை எழுதுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அந்தப் பெயர்களைப் பதினோராம் வகுப்புப் பதிவேட்டிலே தேடுங்கள். எந்தப் பெயர் காணவில்லையோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஏஜெண்டு தட்டுமுன்னே நாம் தட்டுவோம்! சுவரொட்டி ஒட்டுவதைவிடப் பெரிய கட்சிப் பணி அது.

தறித் தோழருக்கு அன்றிரவு இவ்வளவையும் சொல்லவில்லை. என் தங்கையின் கதையை மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்தார். "ஏஜெண்டு திங்கக்கிழமை வாரேன்னாருங்க. பள்ளிக்கூடத்திலே சேர்க்கை எந்த நாளுங்க?" என்று கேட்டார்.

நாளைச் சொன்னேன். படிப்பகத்துச் சுவரிலே இருந்த நாட்காட்டியிலே, அந்த நாளின் மேல், தம் கைப்படவே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார்.